ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு: 'வாம்பயர் அகாடமி'யில் ரோஸின் வேலை

ரிச்செல் மீட் எழுதிய 'வாம்பயர் அகாடமி' ஒரு கெட்ட கனவில் தொடங்குகிறது. கனவு லிஸ்ஸாவுடையது. திடுக்கிட்டு விழிப்பது ரோஸ். லிஸ்ஸா அலறுவது காதில் விழுவதற்கு முன்பே அவளுடைய பயம் ரோஸுக்குள் வந்து இறங்கிவிடுகிறது. ஓடிப்போய் அவளை உலுக்கி எழுப்புகிறாள். லிஸ்ஸா சோர்ந்து கிடப்பதைப் பார்த்ததும் தன் கழுத்தைக் காட்டுகிறாள். லிஸ்ஸா தயங்கிவிட்டு, குடிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டை ஆட்கள் நோட்டம் விட்டுக்கொண்டிருப்பது தெரியவருகிறது. இருவரும் தப்பி ஓடுகிறார்கள், தெருவில் மடக்கப்படுகிறார்கள். ரத்தம் இழந்த தலைசுற்றலோடு, சரியாக நிற்கக்கூட முடியாத நிலையில், ரோஸ் லிஸ்ஸாவுக்கு முன்னால் போய் நின்று சண்டைக்குத் தயாராகிறாள்.

கதை ஆரம்பித்துச் சில பக்கங்கள்தான் ஆகியிருக்கிறது. அதற்குள் ரோஸ் தன் தூக்கம், தன் ரத்தம், தன் உடம்பு மூன்றையும் இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டாள். நாவல் இதை நட்பு என்கிறது. நானும் நட்பு இல்லை என்று சொல்லப்போவதில்லை. ஆனால் இந்த நட்புக்கு ஒரு வேலைப் பட்டியலும் இருக்கிறது. அந்தப் பட்டியல் ரோஸ் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. அதனால்தான் இந்த நாவலை அந்தக் காலத்து வாம்பயர் அலையில் வந்த இன்னொரு புத்தகம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அலை என்றால் உண்மையிலேயே அலைதான். 'ட்வைலைட்' 2005இல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்கு டீன் ஏஜ் நாவல் அலமாரி முழுக்கக் கறுப்பு அட்டை, வெளிறிய முகம், ஒரு சொட்டு ரத்தம். 'வாம்பயர் அகாடமி' 2007இல் பெங்குவினின் ரேஸர்பில் முத்திரையில் வெளிவந்தது. 2010க்குள் ஆறு பாகங்கள் வந்து தொடர் முடிந்தது. 'ட்வைலைட்'டின் பெல்லா வாம்பயராக மாறத் துடிப்பவள். ரோஸ் ஹாத்தவேக்கு அப்படி ஒரு ஆசையே கிடையாது. அவள் ஏற்கெனவே பாதி வாம்பயர். பிறவியிலேயே வந்து சேர்ந்த அந்தப் பாதியை வைத்துக்கொண்டு என்ன வேலை பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய பிரச்சினை.

கதையைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். (ஆறு பாகத்தின் முடிவுகளையும் உடைக்கப்போகிறேன். கடைசிப் பாகம் வந்ததே 2010இல். மன்னிப்பீர்கள் என்று நம்புகிறேன்.) இந்த உலகத்தில் இரண்டு வகை வாம்பயர்கள். மொரோய் என்பவர்கள் உயிருள்ளவர்கள். பிறக்கிறார்கள், மூப்படைகிறார்கள், சாகிறார்கள். நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றில் ஒன்று அவர்கள் மந்திரத்துக்குக் கட்டுப்படும். ரத்தம் குடிப்பார்கள், ஆனால் யாரையும் கொல்ல மாட்டார்கள். அதற்கென்றே தாமாக முன்வந்த மனிதர்கள் இருக்கிறார்கள். ஸ்ட்ரிகோய் என்பவர்கள் செத்தும் சாகாதவர்கள், கொன்று குடிப்பவர்கள். அவர்களுக்கு மிகவும் பிடித்தது மொரோய் ரத்தம். இந்த இருவருக்கும் நடுவில் நிற்பவர்கள் தாம்பிர்கள். மனித ரத்தமும் மொரோய் ரத்தமும் கலந்தவர்கள். வெயிலில் நடக்கலாம், ரத்தம் குடிக்க வேண்டாம், மனிதரைவிட வலு அதிகம், மொரோயைவிட உடல்கட்டு அதிகம். சண்டைக்கென்றே செய்துவைத்த மாதிரி உடம்பு.

தாம்பிர் மீடின் கண்டுபிடிப்பு இல்லை. மொரோய், ஸ்ட்ரிகோய் இரண்டும் ருமேனிய நாட்டார் வழக்கிலிருந்து வந்த சொற்கள். தாம்பிர் பால்கன் பகுதியின் நம்பிக்கை. அங்குள்ள கதைகளில், செத்துப்போன புருஷன் வாம்பயராகி ராத்திரியில் தன் மனைவியிடமே திரும்பி வருவான். அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு மற்றவர் கண்ணுக்குத் தெரியாத வாம்பயரைப் பார்க்கும் சக்தி இருக்கும். ஊரில் வாம்பயர் தொல்லை என்றால் அவனைக் கூப்பிடுவார்கள். வருவான், கொல்வான், கூலி வாங்கிக்கொண்டு போவான். நம்ம ஊர்ப் பேயோட்டி மாதிரி என்று சொல்லத் தோன்றும். ஒரு வித்தியாசம்: பேயோட்டி கற்றுக்கொண்டவன், தாம்பிர் பேய்க்கே பிறந்தவன்.

நவீனக் கதைகள் இந்தக் கலப்புப் பிறவியை எடுத்துக்கொண்டபோது கூலியைப் பெரும்பாலும் மறந்துவிட்டன, சோகத்தை மட்டும் வைத்துக்கொண்டன. 1998இல் வந்த 'பிளேட்' படத்தில் வெஸ்லி ஸ்னைப்ஸுக்குக் கறுப்புக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, உள்ளே அடக்கிவைத்த தாகம். செம கெத்து. ஆனால் அவர் யாரிடமும் வேலை பார்ப்பதில்லை. 'பஃபி' தொடரில் கடைசி சீசனுக்கு வரும்போதுதான் வேட்டைக்காரியின் சக்தியே ஒரு அரக்க சக்தி என்று தெரிகிறது. ஆதிகாலத்தில் சில ஆண்கள் ஒரு பெண்ணைச் சங்கிலியில் கட்டிப்போட்டு அதை அவளுக்குள் ஏற்றியிருக்கிறார்கள். அபாரமான இடம் அது. ஏழு சீசன் கழித்து வருகிறது என்பதுதான் வருத்தம். ஹிதேயுகி கிகுச்சி 1983இல் எழுதத் தொடங்கிய 'வாம்பயர் ஹன்டர் டி' மட்டும் பழைய நினைவைக் கொஞ்சம் வைத்திருக்கிறது. அதில் டி என்பவன் கூலிக்கு வரும் வேட்டைக்காரன். அவனை வேலைக்கு அழைக்கும் ஊரே அவனை அருவருப்போடும் பார்க்கும்.

மீட் இன்னும் ஒரு படி போகிறார். ஒற்றை வேட்டைக்காரனை எடுத்துவிட்டு, ஒரு இனத்தையே அந்த இடத்தில் வைக்கிறார். அதற்கு ஒரு பூட்டும் போடுகிறார்.

பூட்டு இதுதான். தாம்பிரும் தாம்பிரும் சேர்ந்தால் பிள்ளை பிறக்காது. தாம்பிரும் மனிதரும் சேர்ந்தாலும் பிறக்காது. தாம்பிருக்கும் மொரோய்க்கும்தான் பிறக்கும், பிறப்பது தாம்பிராக இருக்கும். மொரோய் அழிந்தால் தாம்பிரும் அழிவார்கள். அதனால் தாம்பிர்கள் மொரோயைக் காப்பாற்றியே ஆக வேண்டும். சின்ன வயதிலேயே பள்ளியில் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, 18 வயதில் பட்டம் கொடுத்து, ஆளுக்கொரு மொரோயிடம் மெய்க்காவலராக அனுப்பிவிடுகிறார்கள். மொரோயின் உயிர்தான் எப்போதும் முதலில் என்பதை அவர்கள் வேதவாக்கு மாதிரி சொல்லிச் சொல்லி வளர்கிறார்கள்.

இந்த விதியை முதலில் படிக்கும்போது ஃபேன்டஸி நாவலில் வரும் வழக்கமான உயிரியல் தகவல் மாதிரிதான் இருக்கும். சும்மா ஒரு பத்தியில் வந்துபோகும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு ஏற்பாடு அநியாயமானது என்று சொல்ல வந்தால், 'இயற்கை அப்படி, நாங்க என்ன பண்றது?' என்று பதில் சொல்ல வசதியாக ஒரு இயற்கையையே எழுதிவைத்திருக்கிறார். அதிகாரம் எப்போதும் தேடிக்கொண்டிருப்பது இந்த மாதிரி ஒரு இயற்கையைத்தான்.

பிறப்பால் தொழில் என்றதும் தமிழ் வாசகருக்கு உடனே சாதி ஞாபகம் வரும். வரட்டும். ஆனால் இதை அப்படியே அதன்மேல் ஒட்டிவிட முடியாது என்று நினைக்கிறேன். தாம்பிர் கையில் ஆயுதம் இருக்கிறது, அவர்களுக்கு மரியாதை இருக்கிறது, மொரோயோடு ஒரே பள்ளியில் ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறார்கள். ஓட்டோமான் சுல்தான்களின் ஜானிசாரிகள்தான் இதற்குப் பக்கத்தில் வருகிறார்கள். பால்கன் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து சிறுவர்களைப் பிடித்துவந்து, மதம் மாற்றி, பயிற்சி கொடுத்து, சுல்தானின் மிகச் சிறந்த படையாக ஆக்கினார்கள். அடிமையும் அவர்கள்தான், வீரரும் அவர்கள்தான். தாம்பிர் கதை பிறந்த அதே பால்கன் மண். மீட் இதை மனதில் வைத்துத்தான் எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. கௌரவத்தைக் கூலியாகக் கொடுத்தால் சம்பளத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்ட்ரிகோயைக் கொன்றதற்கும் மெய்க்காவலரின் பிடரியில் மின்னல் வடிவத்தில் ஒரு பச்சை குத்துவார்கள். இரண்டாம் பாகத்தில் ரோஸ் தன் முதல் இரண்டு மின்னல்களை வாங்குகிறாள். அவளோடு படித்த மேசன் செத்துப்போன இடத்தில், அவள் கொன்ற இருவருக்காக. அந்தச் சடங்கில் அவளுக்குப் பெருமையைவிட மேசனின் நினைவுதான் கனக்கிறது. பச்சை குத்துபவர்களுக்கு அது கணக்கு மட்டும்.

நாவலின் மிகக் கூர்மையான இடத்துக்கு வருகிறேன்.

தாம்பிர் பெண் ஒருத்தி மொரோய்க்குத் தன் ரத்தத்தைக் குடிக்கக் கொடுத்தால், அதைவிட அசிங்கம் அந்தச் சமூகத்தில் இல்லை. படுக்கையில் கொடுத்தால் அதற்கென்றே ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது. கடிபடும்போது உடம்பில் ஒரு போதை ஏறும். அந்தப் போதைக்கு அடிமையானவள் என்பது வசையின் உள்ளர்த்தம். ரோஸும் லிஸ்ஸாவும் பள்ளியை விட்டு ஓடிப்போய் வெளியே இருந்த இரண்டு வருஷமும் லிஸ்ஸாவுக்கு வேறு வழியில்லாமல் ரோஸ்தான் ரத்தம் கொடுத்தாள். இது வெளியே தெரிந்தால் அவ்வளவுதான். திரும்பப் பிடித்துவரப்பட்ட பிறகு பள்ளியில் ஒரு வதந்தி கிளம்புகிறது: ரோஸ் இரண்டு பையன்களுக்குக் கழுத்தைக் கொடுத்தாள் என்று. பச்சைப் பொய். லிஸ்ஸா குடும்பத்தின்மேல் கோபம் கொண்ட மியா என்ற மொரோய்ப் பெண், அந்தப் பையன்களோடு படுத்து அந்தப் பொய்யைச் சொல்லவைத்திருக்கிறாள். ரோஸ் தலைநிமிர்ந்து 'பொய்' என்று கத்தலாம். ஆனால் அவளுக்குள் ஒரு மூலையில் நடுக்கம். பையன்கள் விஷயம் பொய், கழுத்துக் கொடுத்தது நிஜம்.

இதை இப்படி வைத்துப் பார்த்தேன். மெய்க்காவலர் ஒருவர் மொரோய்க்காகத் தெருவில் தொண்டை கிழிந்து செத்தால் அது வீரம், கல்வெட்டில் பெயர் வரும். அதே மொரோய்க்கு, அதே கழுத்திலிருந்து, அதே ரத்தத்தை, சாகாமல், கொஞ்சம் சுகத்தோடு கொடுத்தால் அது கேவலம். குடிப்பவர்கள் இரண்டு இடத்திலும் ஒருவரே. ரத்தம் சிந்துபவளுக்கு அதில் துளி சந்தோஷமாவது கிடைத்துவிடக் கூடாது என்பதுதான் விதி. உழைப்பில் வேதனை இருந்தால் தியாகம், இன்பம் இருந்தால் ஒழுக்கக்கேடு. குடித்தவனை யாரும் எந்தப் பெயர் சொல்லியும் திட்டுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

17 வயதுப் பெண்ணின் துடுக்கான தன்மை ஒருமையில் மீட் இதையெல்லாம் சொல்கிறார். ரோஸ் ஜோக் அடிக்கிறாள், வாய்க்கு வாய் பேசுகிறாள், பையன்களோடு விளையாடுகிறாள். ஆனால் அந்த வசைச்சொல்லை மற்ற தாம்பிர் பெண்கள்மேல் யோசிக்காமல் வீசுவதும் அவள்தான். அடக்கப்பட்டவள் தன் வாயாலேயே அடக்குமுறையின் அகராதியைப் பேசுவதை இவ்வளவு இயல்பாகக் காட்டியிருக்கிறார். நாவலாசிரியர் ரோஸின் தோளுக்குப் பின்னால் நின்று 'இது தப்பு' என்று நமக்குக் கண்ணடிப்பதே இல்லை. அது பிடித்திருந்தது. ஒரு நியாயம் கிடைப்பதற்கு நாம் நான்காம் பாகம்வரை காத்திருக்க வேண்டும். அதில் ரோஸ் சைபீரியாவில் பையா என்ற ஊருக்குப் போகிறாள். திமித்ரியின் அம்மா, பாட்டி, மூன்று சகோதரிகள் இருக்கும் வீடு. தாம்பிர் பெண்கள் பிள்ளைகளைத் தாங்களே வளர்க்கும் ஊர். ரோஸின் மனதில் அந்த மாதிரி ஊர் என்றாலே வசைச்சொல்தான். போய்ப் பார்த்தால் அடுப்பு எரிகிறது, குழந்தை அழுகிறது, பாட்டி அதட்டுகிறாள். சாதாரண வீடு. தொடரின் மிக நிதானமான பக்கங்கள் அவை. யாரும் யாரையும் கொல்லாத பக்கங்கள். எனக்கு அவை போதவில்லை. கதை சீக்கிரமே அங்கிருந்து கிளம்பி, ஸ்ட்ரிகோயாக மாறிய திமித்ரியிடம் ரோஸைச் சிறைப்படுத்திவிடுகிறது. அங்கே அவன் கடிக்கு அவள் அடிமையாகிறாள். பள்ளியில் எந்தப் பெயரால் அவளைக் கிண்டல் செய்தார்களோ, அந்தப் பெயரின் உள்ளிருந்து உலகத்தைப் பார்க்கிறாள்.

திமித்ரி பற்றி ஒரு வார்த்தை. அவனுக்கு 24 வயது, ரோஸுக்கு 17, அவன் அவளுடைய பயிற்சியாளன். நாவல் இதைத் தடை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அந்தத் தடையையே காதலின் நெய்யாக ஊற்றுகிறது. இன்று படிக்கும்போது நெருடத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் சேராமல் இருக்கச் சொல்லும் காரணங்களில் எனக்குச் சுவாரஸ்யமானது வயது இல்லை. இருவரும் லிஸ்ஸாவுக்கே மெய்க்காவலராகப் போகிறவர்கள். ஆபத்து வந்தால் லிஸ்ஸாவைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். காதல்கூட வேலை நேரத்தில் செய்யும் கவனக்குறைவு என்ற கணக்கில்தான் அங்கே வருகிறது.

இப்போது அந்தக் கனவுக்கு. ரோஸுக்கும் லிஸ்ஸாவுக்கும் இடையில் ஒரு மனப்பிணைப்பு இருக்கிறது. கார் விபத்தில் லிஸ்ஸாவின் பெற்றோரும் அண்ணனும் செத்தபோது ரோஸும் செத்துப்போனாள். லிஸ்ஸா, தனக்கே தெரியாத ஒரு அபூர்வ மந்திர சக்தியால் அவளை உயிர்ப்பித்தாள். அதிலிருந்து லிஸ்ஸாவின் உணர்ச்சிகள் ரோஸுக்குத் தெரியும். சில சமயம் லிஸ்ஸாவின் கண் வழியாகவே அவளால் பார்க்க முடியும். ஆனால் ரோஸின் மனம் லிஸ்ஸாவுக்குத் தெரியாது. ஒருவழிப் பாதை.

மீட் இதை ஒரு கதைத் தந்திரமாகத்தான் வைத்தார் என்று நினைக்கிறேன். தன்மை ஒருமையில் கதை சொல்பவளுக்கு இன்னொரு இடத்தில் நடப்பதும் தெரிய வேண்டுமே. லிஸ்ஸா கடத்தப்பட்டபோது ரோஸ்தான் காரில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வழி சொல்கிறாள். ஜிபிஎஸ் மாதிரி. ஆனால் இந்தத் தந்திரம் தன் வேலையைத் தாண்டி வேறொன்றையும் செய்துவிட்டது. வீட்டு வேலைக்குப் போகிறவருக்கு முதலாளியம்மாவின் முகம் பார்த்தே அன்றைய நாள் எப்படி என்று தெரியும். தெரிந்தே ஆக வேண்டும், பிழைப்பு அதில் இருக்கிறது. அம்மாவுக்கு இவர் முகத்தைப் படிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அடிமை எஜமானரின் மனதை அறிவது, எஜமானர் அடிமையின் மனதை அறியாதிருப்பது: எல்லா அதிகார உறவிலும் இருக்கும் இந்தக் கோணலை மீட் அப்படியே ஒரு மந்திரமாக்கிவிட்டார். லிஸ்ஸா நல்லவள், பாசமானவள், ரோஸுக்காகப் பரிந்து பேசுகிறவள். இருந்தாலும் கதவு ஒரு பக்கம் மட்டும்தான் திறக்கும்.

இந்த இடத்தில் எனக்கும் ஒரு தோழிக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது. 'ரெண்டு பொண்ணுங்களோட ஃப்ரெண்ட்ஷிப்பை ஒருத்தி அழகா எழுதியிருக்கா, அதுலயும் உனக்கு முதலாளி தொழிலாளியா?' என்றாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. இந்த வகை நாவல்களில் பெண்கள் ஒரு பையனுக்காக அடித்துக்கொள்வதே வழக்கம். ஆறு பாகம் முழுக்கக் கதையின் முதுகெலும்பு இரண்டு பெண்களின் அன்புதான் என்பது அப்போது சின்ன விஷயமில்லை. ஆனால் நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: லிஸ்ஸாவுக்கு என்ன பிடிக்கும், எதற்கு அழுவாள், யாரைக் காதலிக்கிறாள் என்று ரோஸுக்குத் தெரிகிற அளவுக்கு, ரோஸ் திமித்ரியைக் காதலிக்கிறாள் என்பது லிஸ்ஸாவுக்கு எப்போது தெரிகிறது? மூன்றாம் பாகத்தின் முடிவில், எல்லாம் முடிந்த பிறகு. அன்பு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அன்பு இருப்பதால்தான் யாருக்கும் உறுத்தவில்லை.

பிணைப்புக்கு இன்னொரு விலையும் உண்டு. லிஸ்ஸாவின் மந்திரம் அவள் மனதைத் தின்கிறது. ஆழ்ந்த மனச்சோர்வு, தன் கையையே வெட்டிக்கொள்வது. முதல் பாகம் இதைத் தீவிரமாகவே எடுத்துக்கொள்கிறது. மந்திரத்தை வைத்து மறைக்காமல், கடைசியில் மாத்திரை சாப்பிட வைக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் மந்திரமும் போய்விடும் என்ற நிபந்தனையோடு. இளம் வாசகர்களுக்கான ஒரு நாவலில் அவ்வளவு நேர்மை எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மூன்றாம் பாகத்தில் தெரியவருகிறது: லிஸ்ஸாவின் அந்த இருட்டு பிணைப்பின் வழியே ரோஸுக்கு வந்து சேர்கிறது. முன்பு விளாதிமிர் என்ற புனிதருக்கும் அன்னா என்ற காவல்காரிக்கும் இதே பிணைப்பு இருந்திருக்கிறது. விளாதிமிர் பெயரில் பள்ளியே நடக்கிறது. அன்னா பைத்தியம் பிடித்துத் தற்கொலை செய்துகொண்டாள். லிஸ்ஸா குணமாகக் குணமாக ரோஸுக்குக் கோபம் வெடிக்கிறது. எஜமானியின் மனநோயைக்கூட மாற்றி வாங்கிக்கொள்ளும் உடம்பு.

இவ்வளவு தூரம் வந்த தொடர், தான் எழுப்பிய கேள்வியை என்ன செய்தது? எனக்கு மனக்கசப்பு இங்கேதான்.

இரண்டாம் பாகத்தில் தாஷா ஒசேரா என்ற மொரோய்ப் பெண் வருகிறாள். ஸ்ட்ரிகோயிடமிருந்து தன் அண்ணன் மகனைக் காப்பாற்றியதில் முகத்தில் தழும்பு. அவள் சொல்வது எளிமையானது: 'நம்மிடம் மந்திரம் இருக்கிறது, நெருப்பை வீசத் தெரியும், பிறகு ஏன் நமக்காகப் பிள்ளைகள் சாக வேண்டும்? நாமே சண்டை போடுவோம்' என்கிற ரீதியில் பேசுகிறாள். மொரோய்களில் பெரும்பாலோருக்கு அது பிடிக்கவில்லை. ஐந்தாம் பாகத்தில் அரசவை நேர் எதிராகப் போகிறது. தாம்பிர்கள் 18 வயதில் இல்லை, 16 வயதிலேயே காவலுக்குப் போக வேண்டும் என்று சட்டம். ரோஸ் சபை நடுவில் எழுந்து ராணியைப் பார்த்துக் கத்துகிறாள். புல்லரித்தது. இதோ, பூட்டை உடைக்கப்போகிறார்கள் என்று உட்கார்ந்தேன்.

உடைக்கவில்லை. ராணி கொலை செய்யப்படுகிறாள், பழி ரோஸ்மேல் விழுகிறது, ஆறாம் பாகம் துப்பறியும் கதையாகிவிடுகிறது. கொலைகாரி யார் என்றால், தாஷா. மொரோயும் ரத்தம் சிந்த வேண்டும் என்று உரக்கச் சொன்ன ஒரே பெரிய குரல் கொலைகாரியின் குரலாக முடிகிறது. பொறாமையும் உண்டு, திமித்ரியை அவளும் விரும்பியவள். செத்த ராணியோ, அந்தச் சட்டம்கூட இதைவிட மோசமான ஒன்றைத் தடுக்கத்தான் என்று கடிதம் எழுதிவைத்துவிட்டு நல்லவளாகிவிடுகிறாள். திருப்பம் என்ற அளவில் வேலை செய்கிறது, படிக்கும்போது நானும் பரபரவென்றுதான் பக்கம் புரட்டினேன். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதபோது, கேள்வி கேட்டவரைக் குற்றவாளி ஆக்குவது நாவலாசிரியர்களுக்கும் கைவந்த வழிதான் போலிருக்கிறது. லிஸ்ஸா ராணியாகிறாள். நல்ல ராணி வந்துவிட்டாள், இனி எல்லாம் சரியாகும்.

மார்க் வாட்டர்ஸ் இயக்கி 2014இல் வந்த படம் இந்தத் தலைவலி எதுவும் இல்லாமல் பள்ளிக்கூடக் கலாட்டாவாக ஓடியது, ஓடவும் இல்லை. 2022இல் பீக்காக்கில் வந்த தொடர் அரசியலைக் கொஞ்சம் கையிலெடுத்தது, ஒரே சீசனில் நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் ஆறாம் பாகத்தை எதற்குப் படிக்க வேண்டும்? ஒரு காட்சிக்காக. மாட்டிக்கொண்ட தாஷா துப்பாக்கியால் சுடுகிறாள். லிஸ்ஸாவை நோக்கி வரும் குண்டின் குறுக்கே ரோஸ் பாய்கிறாள். யோசித்துச் செய்வதில்லை, பயிற்சி பாய வைக்கிறது. சாவின் விளிம்புவரை போய்த் திரும்பி வருகிறாள். கண் விழித்தபோது லிஸ்ஸா பக்கத்தில் இருக்கிறாள், முகத்தைப் பார்க்கலாம், கையைப் பிடிக்கலாம், ஆனால் உள்ளே எதுவும் கேட்கவில்லை. பிணைப்பு அறுந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ரோஸ் தலைக்குள் தனியாக இருக்கிறாள். லிஸ்ஸா என்ன நினைக்கிறாள் என்று தெரிய வேண்டுமானால், இனிமேல் மற்றவர்கள் மாதிரி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த அமைதியில் மீட் இன்னும் பத்துப் பக்கம் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ரோஸ் உடம்பு தேறி எழுந்து, லிஸ்ஸாவின் மெய்க்காவலராக வேலையில் சேர்ந்துகொள்கிறாள்.